இரண்டு கேமராவை அறுத்து ஒன்றாக ஒட்டினால்..? ஒற்றைக் கண்ணுக்குச் சிக்காத படங்களின் கதை!

வியூ மாஸ்டர் ஞாபகம் இருக்கிறதா? பைனாகுலர் போன்ற ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் வட்டமான அட்டை ஒன்றைச் செருகி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்து, பக்கத்திலிருக்கும் பிடியைக் கீழே இழுத்தால் 'கிளிக்'. ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு படம். மலை தூரத்தில் நிற்கும், பூ மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும். வீட்டில் அது ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அண்ணனும் தங்கையும் அதற்காக முடியைப் பிடித்துச் சண்டை போட்ட வீடுகள் ஏராளம்.

இன்று செல்போனில் இதைப் படிக்கும் பள்ளி மாணவர்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம். அம்மாவிடமோ மாமாவிடமோ கேட்டுப் பாருங்கள், முகம் மலரும்.

அந்தப் பெட்டி பிறந்தது இரண்டு கேமராவை ஒன்றாகக் கட்டிக்கொண்டு திரிந்த ஒரு மனிதரால்தான். பெயர் வில்லியம் குரூபர். ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் வேலை பார்த்தவர். 1938-ல் ஓரிகன் மாநிலத்தின் குகைப் பகுதிக்குச் சுற்றுலா போனபோது, கோடக் நிறுவனத்தின் 'பான்டம் ஸ்பெஷல்' கேமராக்கள் இரண்டை ஒரே டிரைபாடில் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி எடுத்துப் போயிருந்தார். போஸ்ட்கார்டு விற்கும் 'சாயர்ஸ்' நிறுவனத்தைச் சேர்ந்த ஹரால்டு கிரேவ்ஸ் அங்கே வந்திருந்தார். 'இதென்ன ரெட்டைக் கேமரா?' என்ற ஆர்வத்தில் பேச்சு ஆரம்பித்தது. அடுத்த வருடமே, 1939-ல், வியூ மாஸ்டர் விற்பனைக்கு வந்துவிட்டது.

ஒரு வட்டத்தில் 14 குட்டிப் படங்கள் இருக்கும். ஆனால், நாம் பார்ப்பது 7 காட்சிகள்தான். எதிரெதிரே இருக்கும் இரண்டு படங்கள் சேர்ந்தால்தான் ஒரு காட்சி. ஒன்று இடது கண்ணுக்கு, மற்றொன்று வலது கண்ணுக்கு.

அதை எல்லோரும் பொம்மை என்றே நினைத்துக்கொண்டோம். அதே குரூபருடன் சேர்ந்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் ஆசிரியர் டேவிட் பாசெட், மனித உடலின் உள்பாகங்களை 1,500-க்கும் மேற்பட்ட இரட்டைப் படங்களாக எடுத்தார். 17 வருட உழைப்பு அது. நரம்புக்குப் பின்னால் ரத்தக்குழாய் எவ்வளவு ஆழத்தில் போகிறது என்பதை மருத்துவ மாணவர்கள் வியூ மாஸ்டரைக் கண்ணில் வைத்துப் பார்த்துப் படித்தார்கள்.

கட்டை விரலை நீட்டுங்கள்

ஏன் இரண்டு கேமரா வேண்டும்? செல்போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கட்டை விரலை முகத்துக்கு நேரே ஒரு முழம் தள்ளி நீட்டுங்கள். இடது கண்ணை மூடி வலது கண்ணால் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். விரல் அசையவே இல்லை, ஆனால் பின்னால் இருக்கும் சுவரின் மேல் அது இடமும் வலமுமாகத் தாவும்.

நம் இரு கண்களுக்கும் நடுவே சுமார் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகமான இடைவெளி இருக்கிறது. அதனால் இரு கண்ணும் சற்றே வேறு வேறு காட்சிகளைத்தான் பார்க்கின்றன. இந்தச் சிறு வித்தியாசத்தை வைத்து 'இது பக்கம், அது தூரம்' என்று மூளை கணக்குப் போடுகிறது. ஆழம் என்பது எந்தக் கண்ணிலும் இல்லை, எந்தப் படத்திலும் இல்லை. அது மண்டைக்குள்ளே நடக்கும் கூட்டல் கணக்கு.

இதைக் கண்டு சொன்னவர் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டோன். சொன்ன வருடம் 1838. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839-ல். அதாவது, புகைப்படம் வருவதற்கு முன்பே இரட்டைப் படம் பார்க்கும் கருவி வந்துவிட்டது! பாவம், வீட்ஸ்டோன் கையால் வரைந்த கோட்டுப் படங்களை வைத்துத்தான் கண்ணாடிகளின் உதவியோடு அதை நிரூபிக்க வேண்டியிருந்தது. பிறகு டேவிட் புரூஸ்டர் அதைக் கைக்கு அடக்கமான பெட்டியாக மாற்றினார். அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வென்டெல் ஹோம்ஸ் 1861-ல் இன்னும் எளிமையான ஒன்றைச் செய்தார். காப்புரிமை எதுவும் வாங்காமல், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 2014-ல் கூகுள் நிறுவனம் அட்டையை மடித்து, இரண்டு லென்ஸ் வைத்து, நடுவில் செல்போனைச் செருகும் 'கார்ட்போர்டு' என்ற ஒன்றை வெளியிட்டதே, அது இந்தப் பெட்டியின் பேரப்பிள்ளைதான்.

ரம்பமும் கோந்தும்

குரூபர் செய்ததுபோல இரண்டு கேமராவைச் சேர்த்துக் கட்டுவது கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தவர்களுக்குத்தான் தலைவலி தெரியும்.

முதல் தலைவலி, இரண்டு ஷட்டரும் ஒரே கணத்தில் திறக்க வேண்டும். ஒன்று கண்ணிமைக்கும் நேரம் பிந்தினாலும் போதும். நடந்து போகிறவரின் கால் ஒரு படத்தில் மேலே இருக்கும், இன்னொன்றில் தரையில் இருக்கும். மூளை குழம்பிவிடும், பார்ப்பவருக்குத் தலை சுற்றும். இரண்டு கேபிளை ஒரே பொத்தானில் இணைத்து அழுத்துவது இதற்குப் பழைய வைத்தியம்.

அடுத்தது, லென்ஸ்களுக்கு இடையிலான தூரம். கேமராவின் உடம்பு அகலமாக இருப்பதால், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் லென்ஸ்கள் கண்களைவிட அதிகம் விலகிவிடும். அதனால் ஒன்றை வலப்பக்கமும் மற்றொன்றை இடப்பக்கமும் செங்குத்தாகத் திருப்பி, அடிப்பாகம் அடிப்பாகத்தோடு ஒட்டுகிற மாதிரி வைப்பார்கள். இந்த வேலையில் இறங்கியவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு கணக்கும் உண்டு. படத்தில் உங்களுக்கு மிக அருகில் இருக்கும் பொருளின் தூரத்தை முப்பதால் வகுங்கள். அதுதான் இரண்டு லென்ஸுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம். இரண்டு மீட்டரில் ஒரு குழந்தை நின்றால் சுமார் ஆறரை சென்டிமீட்டர். அறுபது மீட்டர் தூரத்தில் ஒரு கோபுரம் என்றால் இரண்டு மீட்டர்! முதலில் இங்கே ஒரு படம், இரண்டு மீட்டர் நகர்ந்து நின்று இன்னொரு படம். ஒரே கேமரா போதும், கோபுரம் ஓடிவிடாது. இடைவெளியை இன்னும் கூட்டினால் வேடிக்கை ஆரம்பிக்கும். மலையே கொலு பொம்மை அளவுக்குச் சுருங்கித் தெரியும். கண்ணை அகலமாக வைத்துப் பார்க்கும் ராட்சதனுக்கு உலகம் அப்படித்தானே தெரியும்!

இந்த ராட்சதக் கணக்கின் உச்சத்தை 1850-களிலேயே தொட்டவர் இங்கிலாந்தின் வாரன் டி லா ரூ. நிலவை ஆழத்தோடு படம் எடுக்க ஆசைப்பட்டார். அவ்வளவு தூரத்துப் பொருளுக்கு லென்ஸ்களை எங்கே கொண்டுபோய் வைப்பது? நிலவு எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது என்றாலும், லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. அவர் ஒருநாள் ஒரு படமும், நிலவு தலையைச் சற்றுத் திருப்பிய வேறொரு நாளில் இன்னொரு படமும் எடுத்துச் சேர்த்தார். தட்டாகத் தெரிந்த நிலவு பந்தாக உருண்டுவிட்டது. 2023-ல் சந்திரயான் 3-ன் பிரக்யான் ரோவர், தன் இரட்டைக் கேமராக் கண்களால் விக்ரம் லேண்டரை எடுத்த படத்தை இஸ்ரோ சிவப்பு - நீலக் கண்ணாடி போட்டுப் பார்க்கும்படி வெளியிட்டது. கணக்கு அதே பழைய கணக்குதான், இந்த முறை கேமரா நிலவிலேயே இருந்தது.

சரி, ஓடும் குழந்தையை எடுக்க என்ன செய்வது? ஒரே பிலிம், ஒரே பொத்தான், இரண்டு லென்ஸ் உள்ள கேமரா வேண்டும். அமெரிக்காவில் ஸீடன் ராக்வைட் வடிவமைத்த 'ஸ்டீரியோ ரியலிஸ்ட்' 1947-ல் கடைக்கு வந்தது. அந்நாட்டின் அதிபராக இருந்த ஐசனோவர் அதன் ரசிகர். கடிகார முள்ளைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்குவாரே, அந்தச் சிரிப்பு நடிகர் ஹரால்டு லாயிட், அதில் ஆயிரக்கணக்கில் படம் எடுத்துத் தள்ளினார். 1919-ல் போட்டோ ஷூட் ஒன்றில் பொய் வெடிகுண்டு என்று நினைத்துக் கையில் பிடித்தது நிஜமாகவே வெடித்து, வலது கையின் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் இழந்தவர் அவர்.

1971-ல் ரியலிஸ்ட் நின்றுபோனது. ஆசை நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் ரம்பம் வந்தது. இரண்டு எஸ்.எல்.ஆர். கேமராக்களை எடுத்து, ஒன்றில் பிலிம் சுற்றிக்கொள்ளும் பக்கத்தை அறுத்து எறிவார்கள். மற்றொன்றில் பிலிம் ரோல் உட்காரும் பக்கத்தை அறுப்பார்கள். மிச்சத்தை ஒன்றாகப் பொருத்தினால், ஒரே பிலிம் இரண்டு ஜன்னலையும் தாண்டி ஓடும் நீளக் கேமரா தயார். உள்ளே பற்சக்கரங்களை இணைப்பது கடிகார ரிப்பேர்காரர் செய்யும் நுணுக்கமான வேலை. ஜெர்மனியில் ஆர்.பி.டி. என்ற சிறு நிறுவனம் இதையே தொழிலாகச் செய்து விற்றது. வீட்டு மேசையில் வைத்துச் செய்தவர்களும் உண்டு. நன்றாக ஓடும் இரண்டு கேமராவை ரம்பத்தால் அறுக்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

நாலு கண் கேமரா

பள்ளிக்கூட நாட்களில் 'த்ரீ-டி ஸ்கேல்' ஒன்று எல்லோரிடமும் இருந்தது. நகத்தால் கீறினால் 'கிர்ர்' என்று சத்தம் வரும். சாய்த்தால் படம் மாறும். சாமி படங்களும் அப்படி வந்தன. இப்படிச் சாய்த்தால் பிள்ளையார், அப்படிச் சாய்த்தால் முருகன். அந்த வரிவரியான பிளாஸ்டிக்கை வைத்து, எந்தப் பெட்டியும் கண்ணாடியும் இல்லாமல் வெறும் கண்ணாலேயே ஆழம் தெரியும் குடும்பப் படங்களை எடுக்கலாம் என்று ஜெரி நிம்ஸ், ஆலன் லோ இருவரும் நம்பினார்கள். இருவரின் பெயரையும் சேர்த்தால் 'நிம்ஸ்லோ'. அதுவே 1980-களின் தொடக்கத்தில் வந்த கேமராவின் பெயரும்.

அதற்கு நான்கு லென்ஸ். ஒரு முறை அழுத்தினால் பக்கத்தில் பக்கத்தில் நான்கு சின்னப் படங்கள் விழும். 36 படம் எடுக்கும் ரோலில் 18 தான் எடுக்க முடியும். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டைமெக்ஸ் கடிகாரத் தொழிற்சாலையில் அது தயாரானது. பெரும்பாலும் பெண்கள் வேலை பார்த்த ஆலை அது. அதே ஆலையில்தான் சின்க்ளேர் கம்ப்யூட்டர்களும் உருவாயின.

கேமரா நன்றாகத்தான் இருந்தது. சிக்கல் பிரின்டில். பக்கத்துத் தெரு ஸ்டூடியோவில் அதைக் கழுவிப் போட முடியாது. நிறுவனத்தின் தனி லேபுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும், செலவும் அதிகம். கல்யாண ஆல்பத்தில் ஒட்டவும் வராத, தடித்த பிளாஸ்டிக் படத்துக்கு எத்தனை பேர் காத்திருப்பார்கள்? சில வருடங்களிலேயே கதை முடிந்தது. பின்னால் வந்த 'நிஷிகா' என்ற மலிவுப் பதிப்பு இன்னும் கூத்து. கனமாக இருந்தால் விலை உயர்ந்தது என்று ஜனங்கள் நம்புவார்கள் அல்லவா? அதற்காக உள்ளே ஓர் இரும்புத் துண்டை வைத்து மூடியிருந்தார்கள். மேலே டிஜிட்டல் திரை மாதிரி தெரிவதும் வெறும் படம்தான்.

தனி லேப் மூடியதும் இந்தக் கேமராக்கள் செத்திருக்க வேண்டும். காப்பாற்றியது செல்போன்! நான்கு படங்களையும் ஸ்கேன் செய்து, ஒன்றன்பின் ஒன்றாக முன்னும் பின்னும் ஓடவிட்டால், உறைந்து நிற்கும் மனிதரைச் சுற்றி நாம் தலையை ஆட்டிப் பார்ப்பதுபோல் படம் ஆடும். இன்ஸ்டாகிராமில் நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். தெறிக்கும் தண்ணீர் அப்படியே நிற்க, உலகம் மட்டும் இடமும் வலமும் அசையும். அதில் பல, பழைய பிளாஸ்டிக் கேமராவில் பிலிம் போட்டு எடுத்தவை. தோற்றுப்போன ஒரு கம்பெனியின் சரக்கை, அது மூடியபோது பிறந்தேயிராத பிள்ளைகள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

ஈயின் இறக்கையைப் பிடிக்காத குழந்தை

எல்லோருக்கும் வியூ மாஸ்டரில் ஆழம் தெரிந்துவிடாது. 'இதில் என்ன இருக்கு, சாதாரண படம்தானே' என்று திருப்பிக் கொடுத்த ஒரு பிள்ளை உங்கள் தெருவிலும் இருந்திருக்கலாம். ரசனை இல்லாத பிள்ளை என்று நினைத்திருப்போம். காரணம் கண்ணிலும் இருக்கலாம்.

அமெரிக்காவின் மவுன்ட் ஹோலியோக் கல்லூரிப் பேராசிரியை சூசன் பேரிக்குக் கைக்குழந்தையிலிருந்தே மாறுகண். சிறு வயதில் மூன்று அறுவை சிகிச்சைகள் நடந்தன. பார்வைக்குக் கண்கள் நேராகிவிட்டன. ஆனால், இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யவில்லை. மூளை ஒரு சமயத்தில் ஒரு கண்ணை மட்டுமே நம்பியது. தனக்கு ஆழம் தெரிவதில்லை என்பதே கல்லூரியில் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டபோதுதான் அவருக்குத் தெரியவந்தது. இல்லாத ஒன்றை எப்படித் தேடுவது? அவர் படித்து நரம்பியல் பேராசிரியையும் ஆகிவிட்டார்.

48 வயதில் கண் பயிற்சி எடுக்க ஆரம்பித்தார். ஒருநாள் பயிற்சி முடிந்து காரில் ஏறி உட்கார்ந்தபோது, ஸ்டீயரிங் சக்கரம் டேஷ்போர்டிலிருந்து பிரிந்து, தனக்கும் அதற்கும் நடுவில் காற்றில் நின்றது. அதுவரை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை. பிறகு ஒரு நாள் பனி பெய்தபோது, தன் முன்னால் ஒரு தட்டான திரையில் அல்லாமல், தன்னைச் சுற்றிலும் பனி விழுவதை முதன்முறையாகக் கண்டு திகைத்து நின்றார்.

தன் அனுபவத்தை அவர் எழுதி அனுப்பியது, நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸுக்கு. சரியான ஆள்தான். சாக்ஸ் சிறுவயதிலிருந்தே இரட்டைப் படப் பைத்தியம், நியூயார்க்கின் இரட்டைப் படக்காரர்கள் சங்கத்தில் உறுப்பினர். பேரியின் கதையை அவர் 2006-ல் எழுதினார். ஆனால், அதற்குச் சற்று முன்பு, 2005 டிசம்பரில், சாக்ஸின் வலது கண்ணில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அடுத்த சில வருடங்களில் அந்தக் கண்ணின் பார்வை முழுவதும் போயிற்று. ஆழத்தைக் கொண்டாடிய மனிதருக்கு உலகம் தட்டையாகிப் போனது. அந்த இழப்பை 2010-ல் வெளியான தன் புத்தகத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

நம் ஊரில் மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லி, குழந்தையை டாக்டரிடம் காட்டாமலே விட்டுவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கண் மருத்துவமனைகளில் ஒரு பரிசோதனை உண்டு. பெரிய ஈ ஒன்றின் இரட்டைப் படத்தைக் குழந்தையிடம் கொடுத்து, ஒரு பிரத்யேகக் கண்ணாடியை மாட்டிவிட்டு, 'இறக்கையைப் பிடி, பார்க்கலாம்' என்பார்கள். இரண்டு கண்ணும் கூட்டாக வேலை செய்யும் குழந்தை, அட்டைக்கு மேலே காற்றில் விரலால் கிள்ளும். சில குழந்தைகள் 'அய்யே' என்று கையை இழுத்துக்கொள்ளும். ஆழம் தெரியாத குழந்தை அட்டையைத் தொடும். இவ்வளவுதான் பரிசோதனை. சிறு வயதில் கண்டுபிடித்தால் சிகிச்சைக்கு வாய்ப்பு அதிகம், தள்ளிப்போடாதீர்கள்.

தஞ்சாவூர் மதிலும் திரும்பும் கழுத்தும்

ஆழத்தைப் பிடித்தாயிற்று. அகலம்? நாம் ஓர் இடத்தில் நின்றால் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறோம். கேமரா திருப்பாது.

பிலிம் ரோலே இல்லாத காலத்தில் இந்தச் சிக்கலோடு தஞ்சாவூரில் வந்து நின்றவர் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1858-ல் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை எடுக்க வேண்டும். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் கிட்டத்தில் போக வேண்டும். கிட்டத்தில் போனால் மொத்தமும் அடங்காது. மெழுகு பூசிய காகிதத்தில் படம் பிடிக்கும் அந்தக் காலக் கேமராவை, சுவரோடு சுவராக நகர்த்தி நகர்த்தி 21 படங்கள் எடுத்தார். அத்தனையும் சேர்த்து ஒட்டியபோது நீளம் சுமார் 19 அடி. இன்று செல்போன் 'பனோரமா' என்று நொடியில் செய்வதை அவர் கால்நடையாகச் செய்தார்! அதே பயணத்தில் மதுரை, திருச்சியை எல்லாம் இரட்டைப் படங்களாகவும் எடுத்திருக்கிறார். மறு வருடமே, இது ஆடம்பரச் செலவு என்று மாகாண ஆளுநர் டிரெவெல்யன் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார். ஆளுநருக்கு வரவு செலவுக் கணக்குதான் தெரிந்தது.

பிலிம் வந்ததும் ஒரு பெரிய வசதி கிடைத்தது: அது வளையும். லென்ஸ் இடமிருந்து வலமாகத் திரும்பினால், படம் விழும் இடமும் அரை வட்டமாக வளைந்திருக்க வேண்டும். 1845-ல் பாரிஸில் மார்ட்டென்ஸ் இதற்காகச் செப்புத் தகட்டையே வளைத்துப் பார்த்தார். பிலிமை வளைக்க ஒரு வளைந்த தடம் போதும். 1899-ல் கோடக் 'பனோரம்' கேமரா அப்படித்தான் வந்தது. முதல் உலகப்போரில் வலது கையை இழந்த செக் நாட்டுக் கலைஞர் யோசப் சூடெக், பல பத்தாண்டுகள் கழித்து இப்படியொரு பழைய கோடக்கைத் தூக்கிக்கொண்டு, ஒற்றைக் கையோடு பிராக் நகரம் முழுக்கச் சுற்றினார். 1959-ல் அந்தப் படங்கள் புத்தகமாயின. ஆற்றங்கரை, பாலம், ஊருக்கு வெளியே உள்ள குப்பைமேடு... பிராக் நகரத்தை இவ்வளவு பொறுமையாகப் பார்த்தவர்கள் குறைவு.

ஜப்பானின் 'வைடுலக்ஸ்' இதே வேலையைச் சாதாரண 35 எம்.எம். பிலிமில் செய்தது. பொத்தானை அழுத்தினால் லென்ஸ் 'சர்ர்' என்று ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்பும் நேரத்தில்தான் வேடிக்கை. ஹாலிவுட் நடிகர் ஜெஃப் பிரிட்ஜஸ், மனைவி சூசன் பரிசளித்த வைடுலக்ஸைப் படப்பிடிப்புக்கெல்லாம் கொண்டுபோவார். சக நடிகரை ஒரு மூலையில் அழுமூஞ்சியோடு நிற்கச் சொல்வார். லென்ஸ் அவரைக் கடந்ததும், அவர் கேமராவுக்குப் பின்னால் ஓடி மறு மூலைக்குப் போய்ச் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும். ஒரே படத்தில் ஒரே ஆள், அழுகையும் சிரிப்புமாக! அமெரிக்கப் பள்ளிகளில் இன்னும் பெரிய 'சர்க்கட்' கேமரா, கடிகாரச் சாவி கொடுத்தது போலத் தானே சுழன்று, முழுப் பள்ளியையும் எடுக்கும். ஒரு வால்பையன் பின்பக்கமாக ஓடிப்போய் இரண்டு ஓரத்திலும் நிற்பான். வைடுலக்ஸ் உற்பத்தி 2000-வாக்கில் நின்றது. அதை மறுபடி உருவாக்க, பிரிட்ஜஸ் தம்பதி ஜெர்மனியில் உள்ள ஒரு பிலிம் புகைப்படப் பத்திரிகைக் குழுவோடு கைகோத்திருக்கிறார்கள்.

இவ்வளவு விலை கொடுக்க முடியாதவர்கள் என்ன செய்வது? தாத்தாவின் பீரோவில் 'ஆக்ஃபா கிளிக் 3' மாதிரி, அகலமான 120 பிலிம் போடும் கேமரா ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம். அதில் இன்று கிடைக்கும் 35 எம்.எம். ரோலை, இரண்டு பக்கமும் சின்னத் தக்கை வைத்துப் பொருத்தினால், பிலிமின் ஓரத்துத் துளைகள் வரைக்கும் படம் விழும். நீளவாக்கில் ஐந்தரை சென்டிமீட்டர், சாதாரண படத்தைப்போல ஒன்றரை மடங்கு. பின்பக்கத்துச் சிவப்பு ஜன்னலைக் கறுப்பு டேப்பால் மூட மறந்தால் ரோல் முழுக்கப் பாழ். அதை மூடியபின் எண்கள் தெரியாது, எத்தனை சுற்று என்று விரலால் எண்ணிச் சுற்ற வேண்டும். முடிந்ததும் கும்மிருட்டில் கழற்றி, பழைய டப்பாவுக்குள் திருப்பிச் சுற்ற வேண்டும். லேபில் கொடுக்கும்போது 'வெட்டாமல் கொடுங்கள்' என்று இரண்டு முறை சொல்லுங்கள். அவர்கள் வழக்கமான அளவில் நறுக்கினால் உங்கள் படம் இரண்டாகிவிடும்.

ஷட்டர் இல்லாத கேமரா

இன்னும் ஒரு படி மேலே போனவர்கள், லென்ஸைத் திருப்புவதை விட்டுவிட்டுப் பிலிமையே ஓட விட்டார்கள். பிலிமுக்கு முன்னால் ஒரு மெல்லிய கீற்றுத் துளை. அதன் பின்னால் பிலிம் நிற்காமல் நகரும். துளை எதைப் பார்க்கிறதோ அது மட்டும், கோடு கோடாக, பிலிம் முழுக்கப் பதியும். பழைய எஸ்.எல்.ஆர். ஒன்று இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். கறுப்புத் தாளில் கீறி ஜன்னலில் ஒட்டி, மூடி போட்ட லென்ஸோடு பிலிமை முழுக்க ஒரு பக்கம் சுற்றிவிட்டு, பிறகு மூடியைத் திறந்து, ஷட்டரை 'பி'-யில் அழுத்திப் பிடித்தபடி ரீவைண்ட் பிடியைச் சுற்ற வேண்டும். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் கல்வி நிறுவனத்தில் ஆண்ட்ரூ டேவிட்ஹேசி பல வருடங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த வித்தை இது. கடந்து போகும் ரயில் முழு நீளமும் ஒரே படத்தில் வரும். வேகமாகச் சுற்றினால் ரயில் நீளும், மெதுவாகச் சுற்றினால் நசுங்கும். பின்னணியில் நிற்கும் மரம் வெறும் கோடாகத் தேயும். அசைவது மட்டுமே உருவம் பெறும். உங்கள் செல்போன் பனோரமாவில் குறுக்கே ஓடிய பூனைக்கு எட்டுக் கால் முளைத்ததும் இதே போன்ற கூத்துதான்.

விளையாட்டு மைதானத்தில் முடிவுக் கோட்டுக்கு நேராக வைத்த கேமராவும் இந்த வகைதான். 'போட்டோ ஃபினிஷ்' என்று டி.வி-யில் காட்டுவார்களே, அதில் தெரியும் ஓட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தவர்கள் இல்லை. கேமரா பார்த்தது ஒரே ஒரு கோட்டை மட்டுமே. அந்தக் கோட்டுக்கு யார் எப்போது வந்தார்களோ, அந்த வரிசையில் பிலிமில் ஒட்டிக்கொண்டார்கள். படத்தின் அகலம் மீட்டர் கணக்கில் இல்லை, நொடிக் கணக்கில்.

1984 ஆகஸ்ட் 8, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம். ருமேனியாவின் கிறிஸ்டியானா கோஜோகாரு 55.41 நொடி. நம் பி.டி. உஷா 55.42. கண்ணால் பார்த்த யாருக்கும் வித்தியாசம் புரியவில்லை. கணக்கில் சேர்வது தலையும் காலும் இல்லை, உடம்பின் நடுப்பகுதி. கடைசி எட்டில் உஷா மார்பை முன்னால் தள்ளிப் பாயவில்லை என்று நாற்பது வருடங்களாகப் பேசுகிறார்கள். கீற்றுத் துளைக்குப் பின்னால் ஓடும் படத்தில், ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு என்பது முடியளவு இடைவெளி. வெண்கலம் அதற்குள் போய்விட்டது.